டிஜிட்டல் ஸ்டுடியோவுக்கு லினோவில் செதுக்கிய லோகோ: 16 பிக்சலில் கறுப்புப் பொட்டாகிப் போகுது, எங்கே தப்பு?

கோவைக்கட்டம் கேட்டது:

வணக்கம். ஆப், வெப்சைட் டிசைன் பண்ற சின்ன ஸ்டுடியோ, நாலு பேர். எல்லா டிசைன் ஸ்டுடியோ லோகோவும் ஒரே அச்சில் வார்த்த மாதிரி மொழுமொழுன்னு இருக்கு. அதனால எங்க அடையாளத்தைக் கையால லினோவில் (செதுக்கி அச்செடுக்கிற லினோலியம் தகடு) செதுக்கி அச்செடுத்து, அதையே திரைக்குக் கொண்டு வரலாம்னு முடிவு. பெயர் தமிழில் ஆறு எழுத்து. அதில் ஒரு ழ, ஒரு ண், ஒரு ல், இரண்டு ட இருக்கு. பெயரை இப்போ சொல்லலை.

முதல் முயற்சி: லினோவுக்குப் பதிலா மெத்துன்னு வெட்ட வர்ற ரப்பர் ஷீட், தண்ணீர் மை, சாதாரண ஏ4 தாள், மொபைலில் போட்டோ, இல்லஸ்ட்ரேட்டரில் இமேஜ் டிரேஸ் (படத்தைக் கோட்டு வடிவமா மாத்தற கட்டளை). விளைவு: ண் உள்ளே மை அடைச்சுக்கிச்சு. பிரவுசர் டேபில் ஐகான் வெறும் கறுப்புப் பொட்டு. அந்தக் கோட்டு வடிவத்தைச் சேமிச்ச எஸ்விஜி ஃபைல் 1.4 எம்பி. ஒரே ட-வை ரெண்டு இடத்துல வெச்சதால ரெண்டிலும் ஒரே இடத்துல ஒரே கீறல், பார்த்ததும் ஈயடிச்சான் காப்பின்னு தெரியுது.

எதை மாத்தணும்? லோகோ தவிர பட்டன், பின்னணி, தலைப்பு எல்லாத்திலும் இந்தக் கைவேலைத் தோற்றத்தைக் கொண்டு வரலாமா? விசிட்டிங் கார்டை கையால் செய்த காகிதத்தில் அடிக்கிற எண்ணமும் இருக்கு.

---

லினோகத்தி பதில்:

நாலு குறையும் தனித்தனின்னு தோணும். ஆனா பாதிக்கு மேல் செதுக்கும் அளவிலேயே ஆரம்பிச்சது. பெருசா, அழகா செதுக்கிட்டு அப்புறம் சுருக்குறீங்க. தலைகீழா வாங்க: திரையில் எது மிகச் சின்ன அளவோ அதை வெச்சு உளியைப் பிடிங்க.

கணக்கு எளிது. வெப்சைட் தலைப்பட்டையில் எழுத்தின் உடல் உயரம் 24 பிக்சல்னு வெச்சுக்கலாம். கொம்பு, புள்ளி, ழ-வின் கீழ்வால் இதில் சேராது. லினோவிலும் உடல் உயரத்தை 24 மி.மீ. ஆக்குங்க. இப்போ 1 மி.மீ. = 1 பிக்சல். அளவுகோலை வெச்சாலே திரையில் என்ன ஆகும்னு தெரிஞ்சுடும். கோட்டின் தடிப்பு 4 மி.மீ., எழுத்துக்குள்ளே இருக்கிற வெள்ளை இடைவெளி எங்கேயும் 2 மி.மீ.க்குக் குறையக் கூடாது. ண-வில் இது கஷ்டம்தான், சுழி நெருங்கும். அதனால அந்த எழுத்தை மற்றதைவிட அகலமா விடுங்க, தடிப்பை 3.5-க்கு இறக்குங்க. கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது. புள்ளியைக் கோட்டைவிடப் பெருசா, 5 மி.மீ. விட்டத்தில் வையுங்க. சின்னப் புள்ளி திரையில் முதலில் காணாமல் போகும், ண் வெறும் ண ஆயிடும்.

ரெண்டு ட-வையும் தனித்தனியா செதுக்குங்க. வேற வழி கிடையாது.

பொருள்: ரப்பர் ஷீட்டை ஓரம் வைங்க. வெட்ட சுகமா இருக்கும், ஆனா அழுத்தும்போது நசுங்கி விளிம்பு வெளியே பிதுங்கும். அச்சில் எழுத்து உப்பித் தெரியறது அதனாலதான். 3.2 மி.மீ. சாம்பல் நிற நிஜ லினோலியம் வாங்குங்க. ஆளி விதை எண்ணெயும் தக்கைத் தூளும் கலந்த சரக்கு அது, கொஞ்சம் சூடு பட்டால் இளகும். அஞ்சு நிமிஷம் வெயிலில் வைத்தால் போதும். வாங்கும்போது ஓரத்தை லேசா வளைச்சுப் பாருங்க. பொருபொருன்னு உதிர்ந்தால் பழைய சரக்கு, புள்ளி நிற்காது.

வரைபடத்தை மாற்றும்போது நிறைய பேர் ரெண்டு முறை திருப்பிக் கெடுக்கிறாங்க. லேசர் பிரிண்ட் அல்லது ஜெராக்ஸை நேர்முகமாகவே எடுத்து, முகம் கீழே இருக்கும்படி லினோமேல் கவிழ்த்து, முதுகில் அசிட்டோன் நனைத்த துணியால் தேயுங்க. டோனர் தானாகவே கண்ணாடி பிம்பமா இறங்கும். அச்செடுத்தால் நேராகும். கம்ப்யூட்டரில் முன்கூட்டியே திருப்பினால் அச்சு இடவலம் மாறிடும். இங்க்ஜெட் பிரிண்ட் இதுக்கு உதவாது.

முதலில் மிகச் சின்ன வி உளியால் (வி வடிவ நுனி) எழுத்தின் ஓரத்தைச் சுற்றி வாங்க. உளியை எழுத்திலிருந்து வெளிப்பக்கம் சாய்த்துப் பிடிக்கணும். மேடு கீழே அகலமா, மேலே குறுகலா நிற்கும், குன்று மாதிரி. உள்பக்கம் சாய்த்தால் அடியில் அரிப்பு விழுந்து பத்தாவது அச்சில் விளிம்பு உடையும். புள்ளிக்கு இது ரொம்ப முக்கியம். அப்புறம் யு உளியால் மற்ற இடத்தை 1.5 மி.மீ. ஆழத்துக்கு எடுங்க. வளைவில் கையைத் திருப்பாதீங்க, லினோவைத் திருப்புங்க. இன்னொரு கை எப்பவும் உளிக்குப் பின்னால.

மை அடைச்சதுக்குக் காரணம் தண்ணீர் மையும் அதிக மையும். ஃபேன் ஓடும் அறையில் தண்ணீர் மை தட்டிலேயே காய ஆரம்பிக்கும். காயுதேன்னு இன்னும் போடுவோம், அது பள்ளத்தில் இறங்கும். எண்ணெய் மைக்கு மாறுங்க. கண்ணாடிமேல் மெல்லிசா உருட்டும்போது காதைக் கொடுங்க. ‘சர்ர்’னு பட்டுத்துணி கிழியற மாதிரி மெல்லிய சத்தம் வந்தால் சரியான அளவு. ‘சடசட’ன்னு ஒட்டி ஒட்டிப் பிரிஞ்சால் மை அதிகம், கொஞ்சம் வழிச்செடுங்க. லினோமேல் ஒரே தடவை தடிப்பா உருட்டறதைவிட மூணு நாலு தடவை மெல்லிசா உருட்டறது மேல். ரோலர் கெட்டியா இருக்கட்டும். மெத்துன்னு இருந்தால் பள்ளத்துக்குள்ளும் நாக்கை நீட்டும்.

ஸ்கேனுக்கான அச்சைக் கையால் செய்த காகிதத்தில் எடுக்காதீங்க. தாளின் சொரசொரப்பும் லினோவின் சொரசொரப்பும் கலந்தால் எது எதுன்னு பிரிக்க முடியாது. வழவழப்பான 70 ஜிஎஸ்எம் தாளை மேலே போட்டு, எவர்சில்வர் கரண்டி முதுகால் நடுவிலிருந்து ஓரத்துக்குத் தேயுங்க. இருபது அச்சு எடுங்க. முதல் மூணு நாலு வெளிறித்தான் வரும், அதைக் கழிச்சுடலாம். மற்றதில் ஒன்றையும் தூக்கிப் போடாதீங்க, தேவைப்படும்.

---

நோடுபிடி பதில்:

மேலே சொன்னதோட தொடர்ச்சி, திரைப் பக்கம்.

மொபைல் போட்டோ வேண்டாம். லென்ஸ் ஓரங்களை வளைக்கும், ஒரு பக்கம் நிழல் விழும். அந்த நிழல்தான் டிரேஸில் ஆயிரம் தூசிப் புள்ளிகளா மாறுது. சாதாரண ஃபிளாட்பெட் ஸ்கேனர் போதும். எண்ணெய் மை நாலஞ்சு நாள் காயட்டும், இல்லைன்னா கண்ணாடியில் ஒட்டும். 1200 டிபிஐ, கிரேஸ்கேல், டிஃப் ஃபைல். கறுப்பு-வெள்ளை மோடில் ஸ்கேன் பண்ணாதீங்க. எது கறுப்பு எது வெள்ளைங்கிற முடிவை மெஷின் எடுத்துடும், அந்த முடிவு உங்க கையில இருக்கணும். ஆட்டோ ஷார்ப்பன், ஆட்டோ எக்ஸ்போஷர் ரெண்டையும் அணைச்சிடுங்க.

இந்த அளவில் 1 மி.மீ.க்கு 47 பிக்சல். 0.2 மி.மீ.க்குச் சின்ன புள்ளி, அதாவது சுமார் 10 பிக்சலுக்குள் இருக்கிறது, யாருக்கும் அழகாத் தெரியாது, ஃபைலைத்தான் ஊத வைக்கும். உங்க 1.4 எம்பி முழுக்க அதுதான்: ஒவ்வொரு தூசியும் ஒரு தனிப் பாதை. லெவல்ஸில் தாளை வெள்ளையாக்கி, 2 பிக்சல் மங்கல் கொடுத்து, அதுக்கப்புறம் த்ரெஷோல்டு (எது கறுப்பு, எது வெள்ளைன்னு நீங்களே எல்லை வைக்கிறது). பிறகு இங்க்ஸ்கேப்பில் டிரேஸ் பிட்மேப், ஸ்பெக்கிள்ஸ் (தூசிப் புள்ளிகளை விலக்கற அளவு) எண் 100. இல்லஸ்ட்ரேட்டர்னா நாய்ஸ் அளவை ஏற்றி, இக்னோர் ஒயிட்டை (புது பதிப்பில் இக்னோர் கலர், வெள்ளையைத் தேர்ந்து) டிக் பண்ணுங்க. அதை விட்டால் எழுத்துக்குள்ளே வெள்ளை வெள்ளையா தனி வடிவங்கள் உட்கார்ந்திருக்கும், கறுப்புப் பின்னணியில் வெச்ச அன்னைக்குத்தான் தெரியும்.

கோட்டின் முனைகளைக் குறைக்கிற சிம்ப்ளிஃபை கட்டளையைப் பார்த்துப் பயன்படுத்துங்க. ஒரு தடவை சரி. மூணு தடவை தட்டினால் உளி திரும்பின முனையெல்லாம் தேய்ஞ்சு குளிச்ச சோப்புக் கட்டி மாதிரி ஆயிடும். அப்புறம் எதுக்கு இவ்வளவு செதுக்கினோம்? கடைசியா எஸ்விஜிஓ-வில் (எஸ்விஜி ஃபைலை இளைக்க வைக்கிற கருவி) தசம இடத்தை ஒண்ணா குறைங்க, வியூபாக்ஸ், அதாவது படத்தின் உள்கட்டம், அகலம் 1000 இருந்தால் அது தாராளம். தலைப்பட்டை லோகோ 20 கேபி பக்கம் வந்து நின்னால் நிறுத்திடலாம்.

இப்போ முக்கியமான விஷயம். ஒரே வரைவை எல்லா அளவுக்கும் ஓட்ட முடியாது. மூணு வெட்டு, அதாவது அளவுக்கு ஒண்ணா மூணு தனி வடிவம், வேணும். எழுத்துயரம் 80 பிக்சலுக்கு மேல போற இடத்தில், போஸ்டர், முகப்புப் படம் மாதிரி, கீறலும் மை விட்டுப்போன வெண்மையும் அப்படியே இருக்கட்டும். 24-லிருந்து 80 வரை, எழுத்துக்குள்ளே இருக்கிற வெண்புள்ளிகளை மூடிடுங்க, விளிம்பின் கோணலை மட்டும் விடுங்க. அதுக்குக் கீழே முழுப் பெயரே வேண்டாம், ஒரே எழுத்து. அதையும் சுருக்காதீங்க. 16×16 கட்டத்தைத் திறந்து பிக்சலை எண்ணி வரையுங்க: கோடு 2 பிக்சல், இடைவெளி குறைந்தது 2 பிக்சல். கோலத்துக்குப் புள்ளி வைக்கிற அதே வேலைதான். லினோவில் எந்தக் கோணம் தூக்கலாத் தெரியுதோ அந்த ஒரு கோணத்தை மட்டும் இதில் காப்பாத்துங்க. ஆப்பிள் போன் முகப்புக்கு 180×180 தனியா.

ஃபான்ட் பண்ணிடலாமேன்னு ஆசை வரும். எண்ணிப் பாருங்க: உயிர் 12, ஆய்தம் 1, அகரமேறிய மெய் 18, உகர ஊகார வரிசை 36, டி டீ 2, தனியா நிற்கும் குறிகள் ா ி ீ ெ ே ை 6, புள்ளி 1. மொத்தம் 76, ஜ ஸ ஷ ஹ சேர்க்காமலே. பக்கத்தில் பக்கத்தில் ஒரே கீறல் வராமல் இருக்க ஒவ்வொண்ணுக்கும் மூணு மாற்று வடிவம் வெச்சு, ஓப்பன்டைப் ஃபான்ட்டில் பக்கத்து எழுத்தைப் பார்த்து வடிவத்தை மாத்தற கேல்ட் அம்சத்தால சுழற்றணும். 228 வடிவம். நாலு பேர் ஸ்டுடியோவுக்கு அது ஒரு வருஷ வேலை. அதுக்குப் பதிலா வெப்சைட்டில் நிலையா நிற்கிற எட்டு பத்து தலைப்புச் சொற்களை மட்டும் செதுக்குங்க: ‘வேலைகள்’, ‘தொடர்புக்கு’ அந்த மாதிரி. ஓடும் உரைக்கு முக்தா மலர் அல்லது ஹிந்த் மதுரை. ரெண்டும் அடக்கமான எழுத்து, லினோவோட சண்டைக்கு நிற்காது.

அந்த இருபது அச்சில் எட்டை எடுத்து, ஒரே இடத்தில் பொருத்தி, நொடிக்கு எட்டுப் படமா ஓட்டினால் எழுத்து லேசா துடிக்கும். லோடிங் திரைக்கு அது போதும். அசைவைக் குறைக்கச் சொல்லி போனில் அமைப்பு வெச்சிருக்கிறவங்களுக்கு ஒரே படம் மட்டும் காட்டுங்க.

---

சுவரெழுத்து பதில்:

செதுக்கறதைப் பத்தி ரெண்டு பேரும் நல்லாவே சொல்லிட்டாங்க. ஆனா கேள்வியின் கடைசிப் பகுதிக்கு என் பதில்: கூடாது.

பட்டனுக்குப் பிசிறு விளிம்பு, பின்னணிக்குக் காகிதச் சொரசொரப்பு, கோட்டுக்குப் பதில் கைத்தறிக் கரை. இதெல்லாம் சேர்ந்தால் கைவினைக் கண்காட்சி ஸ்டால். உங்ககிட்ட வர்ற வாடிக்கையாளர் பணம் கொடுக்கிறது துல்லியமான திரைக்கு. கைவேலை பக்கத்துக்கு ஓரிடத்தில் பளிச்சுனு இருக்கட்டும், மற்ற இடம் சுத்தமான கட்டம். உரைக்குப் பின்னால் சொரசொரப்பு வெச்சால் தமிழில் இன்னொரு ஆபத்தும் இருக்கு: பின்னணித் துகளும் மெய்யெழுத்துப் புள்ளியும் ஒண்ணா கலக்கும்.

கைவினை வாடை வர்றதுக்கு நிறமே பாதி வேலையைச் செய்யும். காவி, மஞ்சள், அவுரி நீலம்னு எடுப்பீங்க. எடுங்க, ஆனா அளந்து பாருங்க. வெப் அணுகல் விதிப்படி சாதாரண உரைக்கு நிற வேறுபாடு 4.5-க்கு 1, பெரிய எழுத்துக்கும் ஐகானுக்கும் 3-க்கு 1. பழுப்பு வெள்ளை, ஆர்ஜிபி 246, 240, 228. அதுமேல் செங்காவி 156, 59, 27 வெச்சால் சுமார் 6 வரும், தாராளம். அதே பின்னணியில் மஞ்சள் 224, 164, 32 வெச்சால் 2-ஐக்கூடத் தொடாது. மஞ்சளை நிரப்பு நிறமா வெச்சு மேலே கறுப்பில் எழுதுங்க. மஞ்சளில் எழுதாதீங்க.

துணி ஓவியமான கலம்காரியில் கறுப்பு எப்படி வருதுன்னு பாருங்க. இரும்புத் துருவும் வெல்லமும் தண்ணீரில் நாள்கணக்கில் ஊறி நொதிச்ச கரைசல், கடுக்காய் ஏற்றின துணியில் பட்டதும்தான் கறுக்கும். அந்தக் கறுப்பு 0, 0, 0 கிடையாது, லேசா பழுப்பு ஓடும். உங்க கறுப்பையும் 30, 26, 24 மாதிரி ஏதாவது வையுங்க. கைவினையிலிருந்து எடுக்க வேண்டியது இந்த மாதிரி விஷயம். மயிலும் மாங்காயும் எல்லாரும் எடுத்தாச்சு.

இன்னொண்ணு, யாரும் பேசாதது. எழுத்தை நீங்களே செதுக்காமல் ஒரு போர்டு ஆர்டிஸ்ட்டையோ மர அச்சு வெட்டுபவரையோ வைத்துச் செய்தால், காசு கொடுத்ததோடு முடிஞ்சுதுன்னு நினைக்காதீங்க. பதிப்புரிமையை எழுத்தில் வாங்கணும். 1957 பதிப்புரிமைச் சட்டம் 19-ஆம் பிரிவுப்படி, ஒப்பந்தத்தில் காலம் குறிப்பிடலைன்னா அஞ்சு வருஷம்தான், இடம் குறிப்பிடலைன்னா இந்தியா மட்டும்தான். லோகோவுக்கு அது கட்டுபடியாகுமா? காலம், நாடு, தொகை மூணையும் எழுதுங்க. அவர் பெயரை வெப்சைட்டில் போடறதையும் அதே தாளில் சேருங்க. ‘கருப்பூர் கலம்காரி’ மாதிரி புவிசார் குறியீடு பெற்ற பெயரை உங்க டிஜிட்டல் பேட்டர்னுக்கு ஒட்டாதீங்க.

டிரேட்மார்க் போடும்போது நடு வெட்டைக் கறுப்பு வெள்ளையில் கொடுங்க, 42-ஆம் வகுப்பு. நிறத்தைக் குறிப்பிடாமல் பதிவு செய்தால் எல்லா நிறத்துக்கும் சேர்த்துப் பாதுகாப்பு. ஆன்லைனில் தனிநபர், ஸ்டார்ட்அப், சிறு நிறுவனத்துக்கு 4,500 ரூபாய், மற்றவங்களுக்கு 9,000.

---

கோவைக்கட்டம் பதில்:

மி.மீ. = பிக்சல் கணக்கு ஒண்ணுக்கே நன்றி சொல்லணும். பட்டன் யோசனையைக் கைவிட்டாச்சு, சுவரெழுத்து சார். கார்டுக்கு பனியன் வெட்டுத்துணிக் கூழில் செய்த 250 ஜிஎஸ்எம் காகிதம் கிடைக்குது, நாலு பக்கமும் பிய்ந்த ஓரத்தோட. ஸ்கிரீன் பிரின்டிங் போதுமா? டேப் ஐகானுக்கு ழ-வா, ட-வா?

---

ஸ்குவீஜி பதில்:

போதும். ஆனா அந்தப் பிய்ந்த ஓரம் நாலு பக்கமும் இருந்தால் கார்டை எதில் முட்டவைத்து நிறுத்துவீங்க? ஒவ்வொண்ணும் ரெண்டு மி.மீ. அங்கேயும் இங்கேயும் போகும். இடது, கீழ் ரெண்டு ஓரத்தையும் கட்டிங் மெஷினில் நேராக்குங்க, மற்ற ரெண்டையும் விடுங்க. பார்க்கிறவங்க கண் பிய்ந்த ஓரத்துக்குத்தான் போகும்.

வாங்கறதுக்கு முன்னாடி தாளில் ஒரு சொட்டுத் தண்ணீர் விடுங்க. உடனே குடிச்சுட்டால் சைஸிங் (ஈரம் உறிஞ்சாமல் தடுக்கிற பசை) இல்லாத தாள், மை கோட்டோரத்தில் ஊறிப் பரவும். அரை நிமிஷமாவது முத்தா நின்னால் எடுக்கலாம்.

ஸ்கிரீனின் மெஷ் (வலை) 77டி, அதாவது செ.மீ.க்கு 77 இழை. வழவழத் தாளுக்கு 120டி போவோம், ஆனா இந்தச் சொரசொரப்பில் மை பள்ளத்துக்குள் இறங்கணும், அதுக்குக் கொஞ்சம் பெரிய கண் வேணும். லினோவில் ஆறெழுத்தும் சேர்ந்து 210 மி.மீ. அகலம்னு வெச்சுக்கிட்டால், லோகோ அதிலிருந்து கார்டில் 40 மி.மீ.க்குச் சுருங்கினால் உங்க 2 மி.மீ. இடைவெளி 0.38 ஆகும். இந்தத் தாளில் 0.4-க்குக் கீழே மூடிக்கும். ஒண்ணு லோகோவை 50 மி.மீ. வையுங்க, இல்லைன்னா ஃபிலிம் எடுக்கும் முன்னாடி கோட்டை ஒரு முடி அளவு மெலிதாக்குங்க. நடு வெட்டைத்தான் கொடுக்கணும், கீறல் உள்ள பெரிய வெட்டு இங்கே வெறும் அழுக்காத் தெரியும். போன் நம்பர், மெயில் முகவரி 8 பாயின்டுக்குக் கீழே போகாதீங்க.

ஒரே நிறம் போதும். மழைக்காலத்தில் பருத்திக் காகிதம் ஈரம் குடிச்சு நீளும், ரெண்டாவது நிறம் முதல் நிறத்துமேல் உட்காராது. ஸ்கிரீனில் பூசற எமல்ஷன் (வெளிச்சம் பட்டால் இறுகும் பூச்சு) டயஸோ வகையான்னு கேளுங்க. டைகுரோமேட் கலந்து பயன்படுத்தற இடம் இன்னும் இருக்கு, அது புற்றுநோய் வரவழைக்கிற சரக்கு, வெறுங்கையால கழுவுவாங்க. 500 கார்டு வேணும்னா 560 தாள் கொடுங்க. கையால் செய்த தாளில் கழிவு அதிகம்.

ஐகான் கேள்வி நோடுபிடிக்கு.

---

நோடுபிடி பதில்:

ழ. ட எளிதுதான், ஆனா 16 பிக்சலில் அது ஆங்கில எல் மாதிரியோ மூலைக்குறி மாதிரியோ நிற்கும், எழுத்துன்னே தோணாது. ழ-வுக்குக் கீழ்வால் இருக்கு, அதுதான் அடையாளம். 16-இல் வாலுக்கு 4 வரிசை ஒதுக்குங்க, மேலே உடலுக்கு 12. சுற்றிச் சதுரப் பெட்டி போடாதீங்க, பெட்டி பக்கத்துக்கு ரெண்டு பிக்சல் தின்னும். 32-லிருந்து மேலே வேணும்னா பெட்டி வெச்சு எழுத்தை வெள்ளையில் விடலாம். அடர் நிற டேபிலும் ஒரு தடவை பார்த்துடுங்க. 30, 26, 24 கறுப்பு அங்கே மறைஞ்சு போகும், எஸ்விஜி ஐகானுக்குள்ளேயே டார்க் மோடுக்கு வெளிர்நிறம் ஒரு வரி எழுதி வெச்சிடுங்க.